வண்டியை நிறுத்துங்கப்பா!

ஊட்டிக்குப் போக இ-பாஸ் வேண்டும், கொடைக்கானலுக்கும் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7-ம் தேதி நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது. மறு வருடக் கோடையில் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை தாங்க வேண்டுமே, நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால், பாஸ் வாங்கிப் போய் வந்த வீட்டுப் பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்தது, படகு இல்லத்தில் வரிசையில் நின்றது, ஹோம்மேட் சாக்லேட். அவ்வளவுதான் வரும்.

மலைக்குப் போகிற அவசரத்தில் நாம் தாண்டிப் போய்விடும் சமவெளியில் என்னவெல்லாம் கிடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. திண்டிவனத்தில் தொடங்கி திருச்செந்தூர்ப் பக்கம் முடிகிற வழி. இரண்டு கோடி ஆண்டு வயதான மரம் உண்டு. பருத்திக் காட்டுக்கு நடுவே கடல் உண்டு. மூன்று மாடி உயரக் குதிரை உண்டு. பாதியில் விட்ட கோயில் உண்டு. கடைசியில் சிவப்புப் பாலைவனமே உண்டு. எல்லாம் நாற்கரச் சாலையிலிருந்து சற்றே விலகியிருக்கும் ஊர்கள். பெரும்பாலான இடங்களுக்கு டிக்கெட்டே கிடையாது.

போன அரையாண்டு விடுமுறையில் இந்த வழியில் போனோம். ஆறாம் வகுப்பு படிக்கிற மகள், இரண்டாம் வகுப்பு மகன், என் மாமியார், வண்டி ஓட்ட வீட்டுக்காரர், வழி சொல்ல நான். புறப்படும் முன் ஒரே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம்: யார் ‘நிறுத்துங்க’ என்றாலும் வண்டி நிற்க வேண்டும். வீட்டுக்காரர் லேசில் சம்மதிக்கவில்லை. நாற்கரச் சாலையில் நூறைத் தொடாவிட்டால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். பேரனும் பாட்டியும் ஒரே கட்சி ஆனதும் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்.

கல்லா, மரமா?

திண்டிவனம் தாண்டி, புதுச்சேரி சாலையில் மயிலம் வழியாகத் திருவக்கரை. வக்கிரகாளியம்மன் கோயில் என்றால் விழுப்புரம், புதுச்சேரிக்காரர்களுக்கு வழி சொல்லவே வேண்டாம். பௌர்ணமிக்குக் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர், ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தேசியக் கல்மரப் பூங்காவை எட்டிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

மொத்தம் 247 ஏக்கர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் இருக்கும் இடம். பொதுமக்களுக்குத் திறந்திருப்பது அதில் ஒரு சிறு பகுதிதான். உள்ளே நுழைந்ததும் சின்னவன் முகம் விழுந்துவிட்டது. “விறகு வெட்டிப் போட்டிருக்காங்க. பார்க் எங்கம்மா?”

பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது. செம்மண்ணில் அடிமரத் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. மூன்று மீட்டர் நீளமும் உண்டு, பதினைந்து மீட்டர் நீளமும் உண்டு. பட்டையின் வெடிப்பு, கிளை விட்ட இடத்துக் கணு, குறுக்கு முகத்தில் வளையம், எல்லாம் அப்படியே. விரலை மடக்கித் தட்டிப் பார்க்கச் சொன்னோம். தட்டினான். விரலை உதறிக்கொண்டு, “கல்லு!” என்றான். மறுபடி குனிந்து வளையத்தைத் தடவிவிட்டு, “இல்ல, மரம்” என்றான். அடுத்த அரை மணி நேரம் ஒவ்வொரு துண்டாகத் தட்டித் தட்டி இந்த வழக்கு நடந்தது. அக்காவும் சேர்ந்துகொண்டாள். நாங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களாகவே கேட்கத் தொடங்கினார்கள்.

வெள்ளம் அடித்து வந்த மரங்கள் இவை. எதிலும் வேர் இல்லை, கிளை இல்லை. வேறெங்கோ முளைத்து, ஆற்றோடு உருண்டு வந்து ஒதுங்கியவை என்பதற்கு அதுவே சாட்சி. மேலே மணல் மூடிக் காற்றுப் புகாமல் போனதால் மக்கவில்லை. மணலில் கசிந்த நீரிலிருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறை ஒவ்வொன்றிலும் புகுந்து இடம் பிடித்துக்கொண்டது. மரம் போயிற்று, வடிவம் நின்றது. இவற்றில் புளியமரம் சேர்ந்த குடும்பமும் ஆமணக்குக் குடும்பமும் இருக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். “அப்போ இதுல புளி காய்ச்சிருக்குமா?” என்று மகள் கேட்டாள். “காய்ச்சிருக்கும். உலுக்கத்தான் ஆள் இருந்திருக்காது” என்றார் மாமியார். புவியியல் பாடம் இதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இந்த இடத்தைப் பற்றி 1781-ல் எழுதி வைத்தவர் பியேர் சொனேரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர். நம் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் இவர் பெயர்தான். ஊரில் வேறு கதை சொல்வார்கள்: வக்கிராசுரன் வதம் செய்யப்பட்டபோது சிதறிய எலும்புகள்தாம் இந்தக் கற்கள் என்று. சின்னவனுக்கு எந்தக் கதை பிடித்தது என்று சொல்லத் தேவையில்லை.

பருத்திக் காட்டில் கடல்

விக்கிரவாண்டி தாண்டினால் உளுந்தூர்பேட்டை வரை சாலையோரம் முழுக்கக் கும்பகோணம் டிகிரி காபிதான். கும்பகோணம் எங்கோ இருக்கிறது. பித்தளை டபரா மட்டும் இங்கே வந்துவிட்டது. அப்படி ஒரு கடை வாசலில்தான் முதல் ‘நிறுத்துங்க’ வந்தது. காபிக்காக அல்ல, ஃபைபரில் செய்து நிறுத்தியிருந்த டைனோசருக்காக. பச்சை உடம்பு, சிவப்பு வாய், வாலில் பெயின்ட் உரிந்திருக்கிறது. பிள்ளைகள் அதன் காலைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். கோயில், கோட்டை என்று தேடித்தேடிப் போகும் அம்மாக்கள் இந்த மாதிரி இடங்களில் முகம் சுளிப்பது வழக்கம். நான் சுளிக்கவில்லை. ஏனென்றால், நாங்கள் போய்க்கொண்டிருந்தது நிஜ டைனோசரின் ஊர்ப்பக்கம்.

பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் சாலையில் கிழக்கே திரும்பி, பருத்தியும் மக்காச்சோளமும் மாறி மாறி வரும் காடுகளுக்குள் போனால் சாத்தனூர். அங்கே படுத்திருக்கும் கல்மரம் 18 மீட்டர் நீளம். திருவக்கரை மரங்கள் இதற்குப் பேரன் பேத்தி ஆக வேண்டும். இதன் வயது சுமார் 12 கோடி ஆண்டு என்பது கணக்கு. பூப் பூக்கும் மரங்கள் உலகைப் பிடித்துக்கொள்வதற்கு முந்திய ஊசியிலை இனம். 1940-ல் இதைக் கண்டறிந்து சொன்னவர் டாக்டர் எம்.எஸ்.கிருஷ்ணன். தஞ்சாவூர்ப் பக்கத்து மகாராஜபுரத்துக்காரர். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர்.

இந்த மரம் நின்ற காடு இங்கே இல்லை. அது ஆற்றில் விழுந்து, கடலுக்கு வந்து, கடலடிச் சேற்றில் புதைந்தது. சாத்தனூர் அன்றைக்குக் கடல்! இன்று கடற்கரைக்குப் போக வேண்டுமானால் இங்கிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டும். நம்பாதவர்களுக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது.

காரை என்ற ஊர். வயல் முடிந்ததும் நிலம் திடீரென்று கீறிக்கொண்டு கீழே இறங்குகிறது. மழை நீர் அரித்து அரித்து உண்டாக்கிய ஓடைகளும் மேடுகளும். மேட்டில் புல்கூட ஒழுங்காக முளைக்கவில்லை. சாம்பலும் மஞ்சளும் கலந்த களிமண். வெயில் படும் இடமெல்லாம் கண்ணாடிச் சில்லு போல ஜிப்சம் மின்னுகிறது. டிசம்பர் ஈரத்தில் களிமண் வழுக்கியது. வீட்டுக்காரர் மேலேயே நின்றுகொண்டார், மற்றவர்கள் இறங்கினோம். பத்து அடிக்குள் மகள் ஒன்றைப் பிடித்துவிட்டாள். தோட்டா மாதிரி ஒரு கல், பழுப்பு நிறம், நுனி கூர். பெலம்னைட் என்று பெயர். கணவாய் மீனின் தூரத்து உறவு ஒன்றின் உடம்புக்குள் இருந்த தண்டு. உயிரோடு இருந்தபோது அது நீந்திய தண்ணீர், நாங்கள் நின்ற இடத்தில் தலைக்கு மேலே இருந்திருக்க வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்தது. ஓடைக்கரையில் ஒரு கல்லில் சுருள் சுருளாக ஏதோ பதிந்திருந்தது. அம்மோனைட் என்று நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டார். “சாளக்கிராமம்டீ!” என்றார். பூஜை அறையில் வெள்ளிக் கிண்ணத்தில் வைத்து அவர் தினம் துளசி சாத்துவது அதைத்தான். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கண்டகி நதியில் எடுக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட் புதைபடிவம்தான். இமயமலை கடலடியில் இருந்த காலத்துச் சரக்கு. “அப்போ பாட்டி தினமும் ஃபாசிலுக்கா பூஜை பண்றாங்க?” என்று கேட்டாள் மகள். பாட்டி அசரவில்லை. “பெருமாள் எவ்வளவு பழசுன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?”

பார்த்த எதையும் எடுக்கவில்லை. சின்னவன் கொஞ்சம் அழுதான். இருந்த இடத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டோம்.

அந்தப் பக்கத்து மக்களுக்கு இந்தக் கல்லெல்லாம் புதிதில்லை. ஆனாலும் அவ்வப்போது பரபரப்பு வரும். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டிய இடத்தில் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது; கூட்டம் கூடியது. விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றி உறைந்த படிவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

முட்டை பொய். டைனோசர் பொய்யில்லை. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1980-களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் ‘பிருகத்காயோசாரஸ்’ என்று ஒரு விலங்குக்குப் பெயரிட்டார்கள். உலகில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று அதைப் பற்றி இன்றும் வெளிநாடுகளில் கணக்குப் போடுகிறார்கள். கணக்குத்தான் போட முடியும், எலும்பு இல்லை. சிதைந்த நிலையில் கிடைத்த எலும்புகள், காப்பாற்றி வைக்கும் முன்பே உதிர்ந்து தூளாகிவிட்டன. எஞ்சியவை சில படங்களும் வரைவுகளும்தான். இதை வண்டியில் சொன்னபோது பின் சீட்டில் சத்தமே இல்லை. பிறகு சின்னவன், “ஃபெவிகால் போட்டிருக்கலாம்ல?” என்றான். சரியான கேள்விதான்.

அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. வெயிலில் அலையப் பிடிக்காதவர்கள் அங்கேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். வழியெல்லாம் சிமென்ட் லாரிகள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் அந்தப் பழைய கடலின் சிப்பியும் கிளிஞ்சலும் இறுகியதுதான். சிமென்ட் ஆலைகள் அதை வெட்டித்தான் அரைக்கின்றன. உங்கள் வீட்டுச் சுவரில் எந்தக் கடல் இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

அய்யனாரின் லாயம்

புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வந்துவிட்டால் எங்கே நிறுத்துவது என்பதைவிட எங்கே நிறுத்தாமல் போவது என்பதுதான் பிரச்சினை. சித்தன்னவாசல் ஓவியங்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு மட்டும். அறிவர் கோயில் கருவறையில் நின்று, வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகச் சொல்லுங்கள். குடைந்த பாறை முழுக்க அதிரும். அதற்குப் பிறகு மேல்விதானத்துத் தாமரைக் குளத்தில் மீன் எத்தனை, அன்னம் எத்தனை, யானை எங்கே என்று தேட விடுங்கள். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம் என்று முதலிலேயே சொன்னால் முகம் திரும்பிவிடும்.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையில் நமணசமுத்திரம். இங்கே ‘நிறுத்துங்க’ என்று நான்கு குரல் ஒன்றாக வந்தது. மரங்களுக்கடியில் அய்யனார் கோயில். கோயிலுக்குப் போகும் வழியின் இரண்டு பக்கமும் மண் குதிரைகள். பத்து இருபது என்று நினைத்துக்கொண்டு நடந்தால் போய்க்கொண்டே இருக்கின்றன. முன் வரிசையில் வண்ணம் தீட்டிய புதுக் குதிரைகள். பின்னால் போகப் போக நிறம் வெளுக்கிறது, காது உடைகிறது, கால் போகிறது. கடைசி வரிசைகளில் கழுத்து மட்டும், வயிறு மட்டும். உள்ளே கூடாக இருப்பது தெரிகிறது. ஒரு வயிற்றுக்குள் ஓணான் குடியிருந்தது.

புரவி எடுப்புத் திருவிழாவில் வந்து சேர்ந்தவை இவை. விழா எடுப்பது என்று ஊர் கூடி முடிவானதும் வேளாருக்குப் பிடிமண் கொடுப்பார்கள். ஊர் மண்ணில் ஒரு பிடி. அதைக் களிமண்ணோடு கலந்துதான் குதிரை எழும். கால்களை முதலில் நிறுத்தி, அதன்மேல் வயிறு, கழுத்து, தலை என்று பகுதி பகுதியாக ஏற்றி, சூளையில் சுட்டு, விழா நாளில் கண் திறந்து, ஊர் ஆண்கள் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். இரவில் அய்யனார் ஊர்க்காவல் போக வேண்டுமே, அதற்கு வாகனம். கொண்டுவந்து வைத்த பிறகு யாரும் பழுது பார்ப்பதில்லை. மண் மண்ணோடு போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த விழாவுக்குப் புதுக் குதிரை வரும். அருங்காட்சியகமாக இருந்தால் இதற்குக் கண்ணாடிப் பெட்டி செய்து பூட்டு போட்டிருப்போம். பூட்டு இல்லாததால்தான் பிள்ளைகள் அங்கே ஒரு மணி நேரம் இருந்தார்கள்.

குதிரை என்றால் குளமங்கலத்துக் குதிரையைப் பார்க்காமல் வரக் கூடாது. ஆலங்குடி, கீரமங்கலம் வழி. வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். எதிரே முன்னங்கால் தூக்கிப் பாயும் வெள்ளைக் குதிரை, சுமார் 33 அடி. ஆசியாவிலேயே பெரிய குதிரைச் சிலை என்று ஊரில் சொல்வார்கள். அளந்து பார்த்தவர் யாரோ, எனக்குத் தெரிய வேண்டியதில்லை. கீழே நின்று அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது, அது போதும். மாசி மகத்துக்கு இந்தக் குதிரைக்குக் காகிதப் பூமாலை போடுவது வேண்டுதல். குதிரை உயரத்துக்கு நீண்ட மாலைகளை வண்டிகளில் ஏற்றிவந்து ஆயிரக்கணக்கில் சாத்துவார்கள். கடைசியில் குதிரை மறைந்து காகித மலை ஒன்று நிற்கும். மாசி மகத்தன்று பள்ளி வேலை நாளாக இருந்தால், ஒரு நாள் லீவு போடலாம். இந்த விஷயத்தில் நான் பெற்றோர் கட்சி இல்லை.

வெடி வெடிக்காத ஊர்

திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் வழியில் (சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்) கொள்ளுகுடிப்பட்டி. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் என்று 1977-ல் அறிவிக்கப்பட்ட கண்மாய்கள் இங்கேதான். கருவேல மரம் ஒவ்வொன்றிலும் கூடு. நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா. பைனாகுலர் வேண்டாம், கரையில் நின்றாலே தெரிகிறது. பறவைகள் மிரளும் என்று இந்தக் கிராமத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வைப்பதில்லை. அதற்காக வனத்துறை ஆண்டுதோறும் வீடு வீடாக இனிப்பு கொடுக்கிறது. என் மகன் வயதுப் பிள்ளைகள் வெடி இல்லாமல் தீபாவளி கொண்டாடும் ஊர் ஒன்று இருக்கிறது என்பதை அவன் நம்ப மறுத்தான். கரையில் விளையாடிக்கொண்டிருந்த பையன்களிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தான். திரும்பி வந்தவன் ஒன்றும் பேசவில்லை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் இங்கே கச்சேரி. மே மாதம் போனால் காய்ந்த கண்மாயைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

பாதியில் விட்ட வேலை

மதுரையைத் தாண்டி, கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கி (2020-ல் புவிசார் குறியீடு பெற்றது, ஆளுக்கொரு பாக்கெட் வாங்கிவிடுங்கள், சண்டை மிச்சம்), அங்கிருந்து கழுகுமலை. மலை மேலே வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் குடைந்தது. கல்லை அடுக்கிக் கட்டவில்லை. பாறையில் சுற்றிலும் அகழி போல வெட்டி, நடுவில் விட்ட கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். விமானம் முடிந்துவிட்டது. மேலே தட்சிணாமூர்த்தி உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்கிறார். கீழே வர வர வேலை நின்றுபோய், அடிப்பகுதி வெறும் பாறை.

ஏன் விட்டார்கள்? அப்பன் பிள்ளை இரண்டு சிற்பிகள், போட்டி, பொறாமை, உளியால் அடித்த அடி என்று ஒரு கதை உண்டு. மகளுக்கு அது பிடிக்கவில்லை. “சம்பளம் குடுத்திருக்க மாட்டாங்க” என்றாள். முடிந்துபோன கோயிலில் பிள்ளைகள் கேட்க ஒன்றும் இருப்பதில்லை. முடியாத கோயிலில் முதலில் எங்கே உளி வைத்திருப்பார்கள், தப்பாக உடைந்தால் என்ன செய்வார்கள், உடைத்த கல்லெல்லாம் எங்கே போயிற்று என்று இறங்கும்வரை கேள்விதான். மலையில் ஏறி இறங்க மாமியாருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. அடிவாரத்தில் பூக்கடைக்காரம்மாவோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். எங்களைவிட அவருக்குத்தான் கழுகுமலை நன்றாகத் தெரியும் இப்போது.

செக்கச் சிவந்த தேரி

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்கு மேற்கே, காயாமொழி பக்கம் தேரிக்காடு. முதல் தடவை பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வராது. தார்ச் சாலை, வாழைத்தோட்டம், பனை என்று போய்க்கொண்டே இருக்கிறோம். ஒரு திருப்பத்தில் மண் சிவந்துவிடுகிறது. செம்மண் பூமி இல்லை இது, மணல். குங்குமச் சிவப்பில், கால் புதையும் மணல் மேடுகள், கண் போகும் தூரம்.

செருப்பை வண்டியிலேயே விட்டுவிட்டுப் பிள்ளைகள் ஓடினார்கள். காலை ஏழு மணி, மணல் சில்லென்று இருந்தது. மேல் மணலில் காற்று வரி வரியாகக் கோடு போட்டிருந்தது. கோடுகளுக்குக் குறுக்கே தையல் போட்டது மாதிரி வண்டு நடந்த தடம். அதைப் பின்தொடர்ந்து போய் உடைச்செடி அடியில் வண்டையே பிடித்துவிட்டார்கள். ஒரு சாண் தோண்டினால் ஈரம். கையில் அள்ளி உதறினால் உள்ளங்கை ரேகையில் சிவப்பு தங்குகிறது. ஒவ்வொரு மணல்மணி மீதும் மெல்லிய இரும்பு ஆக்சைடு பூச்சு, அந்தச் சிவப்பு அதுதான். நிறம் இரும்பினுடையது என்றதும் மகள் பென்சில் பாக்ஸிலிருந்து காந்தம் எடுத்து வந்து சோதனையில் இறங்கினாள். கொஞ்சம் கறுப்புத் துகள் ஒட்டியது. சிவப்பு ஒட்டவில்லை. ஏன் என்று பள்ளி திறந்ததும் சயின்ஸ் மிஸ்ஸைக் கேட்கப் போகிறாளாம். மிஸ் தயாராக இருக்கட்டும்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேற்குக் காற்று சீறிக்கொண்டு வரும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுவது அந்தக் காற்றுதான். இங்கே மணலைத் தூக்கி மேடு மாற்றி மேடு போடுவதும் அதுவே. அரை உடம்பு புதைந்து நிற்கும் பனைகளைப் பார்க்கலாம். நம் உயரத்துக்கு ஓலை! மழை பெய்தால் தேரியில் தண்ணீர் ஓடுவதில்லை, அப்படியே உறிஞ்சிக்கொள்கிறது. அடியில் இறங்கிய நீர் தேரியின் ஓரத்தில் சுனையாகத் தலைகாட்டும். மேலப்புதுக்குடியில் அய்யனார் கோயில் ஒன்று அப்படிப்பட்ட சுனைக்கரையில்தான் இருக்கிறது. பெயரே அருஞ்சுனை காத்த அய்யனார். தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகைக் கடைசியில் கள்ளர் வெட்டு நடக்கும். தேரி மணலில் இளநீரை வெட்ட, அந்த நீர் நனைத்த மணலை அள்ளிக்கொள்ளக் கூட்டம் பாயும். வீட்டில், வயலில் வைத்தால் நல்லது என்பது நம்பிக்கை.

பதநீர் குடிக்க டிசம்பர் சரிப்படாது. கோடைக்கு வருகிறவர்கள் விடிகாலையிலேயே போய், சுண்ணாம்பு தடவிய கலயத்திலிருந்து இறக்கியதைப் பனையோலைப் பட்டையில் வாங்கிக் குடியுங்கள். பத்து மணிக்கு மேல் தேரியில் கால் வைக்க முடியாது. எங்களுக்கு உடன்குடிக் கருப்பட்டியும் சுக்குக் காபியும் கிடைத்தன. குறையில்லை.

இந்தத் தேரி மேடுகளில் சின்னஞ்சிறு கல்லாயுதங்கள் கிடைக்கின்றன என்று உலகுக்குச் சொன்னவர் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். விரல் நகம் அளவுகூட இருக்கும். அம்பு முனையில் பதிக்க. அதாவது, நாங்கள் வண்டு பிடித்த இடத்தில் யாரோ ஒரு குடும்பம் முயல் பிடித்திருக்கிறது.

போகிறவர்களுக்கு

வழி முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு நிறுத்தம், மூன்றாவது பிள்ளைகள் கேட்டால். ஊருக்குள் தங்க பெரம்பலூர், புதுக்கோட்டை, கோவில்பட்டி, திருச்செந்தூரில் விடுதிகள் உண்டு. கல்மரத்துக்கும் காரைக்கும் தேரிக்கும் தண்ணீரும் தொப்பியும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். கடையையோ கழிப்பறையையோ பக்கத்தில் எதிர்பார்க்காதீர்கள். தாத்தா பாட்டியைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். கூகுள் சொல்லாத பாதி விஷயம் அவர்களிடமிருந்து வரும். காரையில் மழைக்காலத்தில் ஓடைக்குள் இறங்க வேண்டாம்.

சுற்றுலாத் துறைக்கும் ஒரு வார்த்தை. புதுசாக எதுவும் கட்ட வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை நின்று படித்தால் புரிகிற தமிழில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பலகை, நெடுஞ்சாலையில் திரும்பும் இடத்தில் ஓர் அம்புக்குறி. இது போதும்.

எடுக்க ஆசை வரும், கல்லை எடுக்காதீர்கள். திருவக்கரையும் சாத்தனூரும் காரையும் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள். தமிழ்நாட்டின் நான்காவது சின்னம் சென்னையிலேயே இருக்கிறது: பரங்கிமலைச் சார்னோக்கைட் பாறை. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்தான் போயிற்று. பாறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பக்கத்துப் பல்லாவரத்தில்தான் 1863-ல் அதே புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். வெளியூர் போக லீவு கிடைக்காதவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். இரண்டுக்கும் மின்சார ரயிலே போகிறது.